வைஃபை பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்தால் ஓட்டை அடைபடுமா?

கேள்வி: மதுரை டவுன்ஹால் ரோட்டில் லாட்ஜ் நடத்துகிறேன். மாடிக்கு ஒன்றாக நான்கு வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் மாட்டி ஐந்தாறு வருடம் ஆகிறது. பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் என் மருமகன், “மாமா, இந்தப் பெட்டியில கமாண்ட் இன்ஜெக்ஷன்னு ஒரு ஓட்டை இருக்கு, யார் வேணாலும் உள்ளே பூந்துடலாம்” என்கிறார். மாட்டிக் கொடுத்தவரோ, “ஒண்ணும் இல்லண்ணே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு வைஃபை பாஸ்வேர்டை மாத்திடுங்க. பயமா இருந்தா நாலையும் புதுசா போட்டுடலாம், 48,000 ஆகும்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: எந்த மாடல் என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் ஓட்டை இருக்கிறது என்றோ இல்லை என்றோ யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆஃப்–ஆன் செய்வதும் வைஃபை பாஸ்வேர்டை மாற்றுவதும் இந்த வகை ஓட்டையை அடைக்காது என்பதை இப்போதே சொல்லிவிடலாம். 48,000 எடுத்து வைக்கும் அவசரமும் இன்னும் வரவில்லை.

அந்தப் பெட்டி ஒரு சின்ன கம்ப்யூட்டர். பெரும்பாலும் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம், விண்டோஸ் மாதிரி. அதற்கு ஒரு நிர்வாகப் பக்கம் உண்டு, பிரவுசரில் ஐ.பி. எண்ணைப் போட்டால் திறக்கும். அங்கே பெயர், ஊர், நாடு, சோதிக்க வேண்டிய முகவரி என்று பல கட்டங்கள் இருக்கும். ஓட்டை உள்ள பெட்டி நீங்கள் தட்டச்சு செய்ததை அப்படியே எடுத்து, தன் லினக்ஸ் கட்டளையின் வாலில் ஒட்டி ஓட்டிவிடும். சிக்கல் அங்கேதான். காசோலையில் “ரூபாய் ஐந்தாயிரம்” என்று எழுதி, பின்னால் “மட்டும்” போடாமல் இடம் விட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? அந்த “மட்டும்” என்பதைத்தான் ஃபர்ம்வேர், அதாவது பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள், எழுதியவர் மறந்துவிட்டார். முகவரிக்குப் பின் ஓர் அரைப்புள்ளி வைத்து இன்னொரு கட்டளையைச் சேர்த்தால், பெட்டி அதையும் தன் முதலாளி சொன்னதாக நினைத்து முழு அதிகாரத்தோடு செய்து முடிக்கும். இதுதான் உங்கள் மருமகன் சொன்ன கமாண்ட் இன்ஜெக்ஷன்.

கற்பனை அல்ல. டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரவுட்டரில் ஓட்டை இருந்தது “எந்த நாடு” என்று கேட்கும் கட்டத்தில். லாகின்கூடத் தேவைப்படவில்லை. திருத்திய ஃபர்ம்வேர் 2023 ஏப்ரலுக்கு முன்பே வந்துவிட்டது. ஏப்ரலில் மிராய் என்ற பாட்நெட் (பிடித்த பெட்டிகளை ஒரு படையாகச் சேர்த்துத் தாக்கும் நச்சுநிரல் வலை), அப்டேட் செய்யாத பெட்டிகளைப் பிடிக்கத் தொடங்கியது. 2024 செப்டம்பரில் சைக்ஸெல் நிறுவனம் தன் ஆக்சஸ் பாயிண்ட்கள் பலவற்றுக்கு இதே வகை ஓட்டையை அறிவித்தது. அபாய மதிப்பெண் பத்துக்கு 9.8. அதற்கும் லாகின் வேண்டாம்.

“மதுரையில் ஒரு லாட்ஜை யார் தேடி வரப் போகிறார்கள்” என்று நினைக்காதீர்கள். தேடுவது மனிதர் அல்ல. இணையம் முழுக்க முகவரி முகவரியாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம். பிடித்த பெட்டியை இன்னொருவர் மீதான தாக்குதலுக்குப் பயன்படுத்தும். தாக்குதல் போவது உங்கள் இணைப்பு வழியாக, விசாரணை வந்தால் வருவது உங்கள் பெயரில். அதோடு, உங்கள் விருந்தினர் எல்லோருமே ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். சித்திரைத் திருவிழாவுக்கு அறை நிறைந்திருக்கும்போது அத்தனை போனும் அந்த நிர்வாகப் பக்கத்தை எட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும். அவர்கள் போனில் என்ன ஆப் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

ஆஃப்–ஆன் விஷயத்துக்கு வருகிறேன். மிராய் வகை நச்சுநிரல் பெரும்பாலும் தற்காலிக நினைவகத்தில் மட்டும் தங்கும். கரண்ட் போனால் அழியும். அதைப் பார்த்துத்தான் “சரியாயிடுச்சு” என்கிறார்கள். ஓட்டை அப்படியே இருப்பதால் அது மறுபடி வந்து உட்கார அதிக நேரம் ஆகாது. வைஃபை பாஸ்வேர்டு விருந்தினருக்குச் சொல்வது. நிர்வாகப் பக்கத்தின் பாஸ்வேர்டு வேறு. முன்னதை மாற்றுவது பின்னதைத் தொடுவதே இல்லை.

செய்ய வேண்டியது ஃபர்ம்வேர் அப்டேட். இங்கேதான் பலர் பெட்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் “வெர்” என்றோ “வி” என்றோ போட்டு ஓர் எண் இருக்கும். அதுதான் ஹார்டுவேர் வெர்ஷன். ஒரே பெயர், ஒரே டப்பா, ஒரே ஆன்டெனா. உள்ளே சிப் வேறு. டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் என்ற மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூனில் அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான சிசா, உண்மையில் தாக்கப்படும் ஓட்டைகளின் பட்டியலில் அதன் கமாண்ட் இன்ஜெக்ஷன் ஓட்டையைச் சேர்த்தது. குறிப்பிடப்பட்டவை வி8, வி10. அதே பெயரில் அவற்றுக்கு முன்னும் பின்னும் பல வெர்ஷன்கள் விற்றிருக்கின்றன. செய்தியில் மாடல் பெயரைப் பார்த்துப் பதறுவதும் தவறு, “நம்மளுது அது இல்லை” என்று இருந்துவிடுவதும் தவறு. ஒரு வெர்ஷனின் ஃபைலை இன்னொன்றில் ஏற்றினால் பெட்டி இயங்காமல் வெறும் செங்கலாகிவிடலாம். உங்கள் நான்கும் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தாலும் ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நான்கையும் தனித்தனியே கழற்றிப் பாருங்கள். நாட்டுக்கு நாடு ஃபர்ம்வேர் மாறும் மாடல்களும் உண்டு. நிறுவனத்தின் இந்தியத் தளத்திலிருந்து இறக்குவதே நல்லது. மதியம் அறைகள் காலியாகும் நேரத்தில், யூபிஎஸ்ஸில் மாட்டி, வைஃபை வழியாக அல்லாமல் கேபிள் போட்டு ஏற்றுங்கள். பாதியில் கரண்ட் போனால் அந்தப் பெட்டியே போய்விடலாம்.

இப்போது மாட்டிக் கொடுத்தவரைப் பற்றி. எல்லோரையும் சொல்லவில்லை, நேர்மையாக உழைப்பவர்கள் நிறைய. ஆனால் நான் பார்க்கப் போகும் இடங்களில் திரும்பத் திரும்பக் காண்பது இதுதான்: கடைக்கு நேரில் வர அலுப்பு, அதனால் வெளியிலிருந்தே பெட்டியை இயக்க உதவும் ‘ரிமோட் மேனேஜ்மெண்ட்’டைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். நிர்வாகப் பக்கம் உலகம் முழுக்கத் தெரியும். அவர் பார்க்கும் அத்தனை லாட்ஜுக்கும், ஜவுளிக்கடைக்கும், மண்டபத்துக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு. ஒரு இடத்தில் தெரிந்தால் எல்லா இடத்திலும் கதவு திறந்தது. பென்டிரைவில் எங்கிருந்தோ இறக்கிய ஃபர்ம்வேரைக் கொண்டுவந்து “லேட்டஸ்ட்” என்று ஏற்றுபவரும் உண்டு. ஏ.எம்.சி. (பராமரிப்பு ஒப்பந்தம்) பணம் வருடாவருடம் வாங்குவார். அதில் ஃபர்ம்வேர் அப்டேட் அடங்குமா என்று கேட்டால் முழிப்பார். உங்கள் அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்கி மாற்றுங்கள். தர மறுத்தால் பெட்டியை ரீசெட் செய்து புதிதாக அமைக்க வேறு ஆளைக் கூப்பிடுங்கள். அந்தப் பெட்டி உங்களுடையது. ரிமோட் மேனேஜ்மெண்ட்டை மூடுங்கள், விருந்தினருக்கு ‘கெஸ்ட் நெட்வொர்க்’கைத் தனியாகப் பிரியுங்கள். ரிசப்ஷன் கம்ப்யூட்டரும் சிசிடிவியும் அந்தப் பக்கம் இருக்கவே கூடாது.

எனக்குப் பொறுக்காத விஷயம் இன்னொன்று. ஓட்டை கண்டுபிடிக்கப்படும், நிறுவனம் தன் தளத்தின் ஏதோ மூலையில் அறிவிக்கும், நம் அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் குறிப்பு வெளியிடும். டவுன்ஹால் ரோட்டில் சாவி கொடுத்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது எப்படி வந்து சேரும்? பிஸ்கட் பாக்கெட்டில் எதுவரை சாப்பிடலாம் என்று அச்சிட வேண்டும். வைஃபை பெட்டியில் எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று பார்த்துச் சொல்லுங்கள், கிடைக்காது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே இருக்கிறது: அப்டேட் எதுவரை வரும் என்று தயாரிப்பாளர் சொல்லியாக வேண்டும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே எளிய பாஸ்வேர்டு போட்டு விற்கக் கூடாது. இங்கே வாங்குபவர் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்த 48,000 பற்றி: நிறுவனத்தின் தளத்தில் உங்கள் வெர்ஷனுக்குத் திருத்திய ஃபர்ம்வேர் இருந்தால் ஏற்றுங்கள், பணம் மிச்சம். “தயாரிப்பு நிறுத்தப்பட்டது, ஆதரவு இல்லை” என்று இருந்தால் மாற்றத்தான் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றக் கை கடித்தால் விருந்தினர் அதிகம் புழங்கும் மாடியில் தொடங்கி, மீதியை ரிமோட் மேனேஜ்மெண்ட் மூடிய நிலையில் சில வாரம் ஓட்டலாம். புதிது வாங்கும்போது கொட்டேஷனில் மாடல், ஹார்டுவேர் வெர்ஷன், அப்டேட் எந்த வருடம் வரை, அட்மின் பாஸ்வேர்டு உரிமையாளர் கையில் ஒப்படைக்கப்படும் என்ற வரி, இத்தனையும் எழுதிக் கேளுங்கள். எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள், விலை பாதியாக இருந்தாலும்.