பொன்விழா மலரில் யாருடைய விருதுகளைச் சேர்ப்பது?

கேள்வி: நான் தருமபுரியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நான் படித்த அரசு கலைக் கல்லூரி விரைவில் பொன்விழா கொண்டாடவிருக்கிறது. முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் என்ற முறையில், பணித்துறையில் விருது பெற்ற முன்னாள் மாணவர்களின் பட்டியலைத் தொகுத்து விழா மலருக்குத் தரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் விவரம் கேட்டதும் அறுபதுக்கும் மேற்பட்டோர் அனுப்பிவிட்டார்கள். அவற்றில் ஏறக்குறையப் பாதி, நான் கேள்விப்பட்டே இராத அறக்கட்டளைகள் வழங்கியவை. மலரின் அச்சுச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை நடத்துகிறார்; தமக்குக் கிடைத்த ‘கௌரவ டாக்டர்’ பட்டத்தையும் ஐந்து விருதுகளையும் முழுப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்கிறார். இன்னொரு பக்கம், சித்தேரி மலையில் பல ஆண்டுகள் பணியாற்றி நல்லாசிரியர் விருது பெற்ற என் வகுப்புத் தோழி, “என் பெயரைப் போடாதே, என் வேலையைத்தானே செய்தேன்” என்கிறார். இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் ஒரு விருதும் இல்லை என்ற எண்ணமும் நடுநடுவே வந்து உறுத்துகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீங்கள் தொகுப்பது ஓர் ஆவணம். இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கல்லூரியின் பவள விழாவுக்கு மலர் தயாரிக்கப் போகிறவர், நீங்கள் எழுதிய பக்கத்தைத்தான் முதலில் புரட்டிப் பார்ப்பார். அவர் நம்பி எடுத்தாளக்கூடிய ஒன்றை விட்டுச் செல்வதுதான் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொண்டால், மீதிக் கேள்விகளுக்கு விடை காண்பது அவ்வளவு கடினமாக இராது.

இதற்கு முன்மாதிரியைத் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் பள்ளிப் பிள்ளைகளோடு போய் நீங்கள் பார்த்திருப்பீர்கள். எழுத்துப் பொறித்த ஒரு நடுகல்லைப் படித்தால், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, இறந்தவன் யாருடைய மகன் அல்லது யாருடைய சேவகன், எந்த ஊரில் எதற்காகப் பொருது பட்டான் என்பதெல்லாம் சில வரிகளுக்குள் அடங்கியிருக்கும். உங்களுக்கு அடுத்த மாவட்டத்தில், செங்கம் பக்கத்து எடுத்தனூரில், பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுப்பப்பட்ட நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் எருமைகளைக் காத்து உயிர்விட்ட வீரனின் பெயரோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற ‘கோவிவன்’ என்னும் நாயின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கல்லை நட்டவர்கள் புகழ்மொழிகளுக்கு இடம் தேடவில்லை. செய்த செயலையும் செய்தவரின் பெயரையும் விடாமல் எழுதினார்கள், அந்தச் செயலில் ஒரு நாய்க்குப் பங்கு இருந்தபோது அதன் பெயரையும் சேர்த்தே எழுதினார்கள். உங்கள் பட்டியலின் ஒவ்வொரு பதிவும் அப்படி அமையட்டும்: பெயர், படித்த துறை, படித்த ஆண்டுகள், செய்த பணி, அந்தப் பணிக்காக விருது வழங்கியவர், வழங்கிய ஆண்டு. பணியைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாத விருதாக இருந்தால், அதைச் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

பணியின் காலமும் விருதின் காலமும் வெகு தொலைவு விலகியிருக்கக்கூடும் என்பதால் இரண்டையும் தனித்தனியே குறிப்பது நல்லது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் பட்டப்படிப்பை முடித்துக் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில், பத்தொன்பது வயதில், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய ‘வெண்குறு’ விண்மீன்களின் நிறை வரம்பைக் கணக்கிட்டார். விண்மீன்களின் அமைப்பையும் பரிணாமத்தையும் பற்றிய ஆய்வுகளுக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983இல். நடுவில் ஐம்பத்து மூன்று ஆண்டுகள். அந்த இடைவெளியில் யாராவது நோபல் பரிசை மட்டும் வைத்து ஒரு மலர் தயாரித்திருந்தால், அந்தக் கணக்குக்கு அதில் ஒரு வரிகூடக் கிடைத்திராது.

இனி அச்சுச் செலவை ஏற்ற அன்பரின் விஷயம். இங்கே நீங்கள் தனி ஆளாக நின்று முடிவெடுக்க வேண்டாம். பெயர்களைப் பார்க்கும் முன்பே சங்கச் செயற்குழுவைக் கூட்டி, எந்த விருது பட்டியலில் சேரும் என்பதற்கு ஒரு வரையறை வகுத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். மத்திய, மாநில அரசுகள், சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகங்கள், அறிவியல் மற்றும் இலக்கிய அகாதெமிகள், அந்தந்தத் தொழிலின் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகள் ஆகியவை வழங்கியவை சேரும் என்றும், பதிவுக் கட்டணம், நன்கொடை, விழாச் செலவுப் பங்கு என்று எந்தப் பெயரிலாவது விருது பெறுபவரிடமே பணம் வாங்கிக்கொண்டு தரப்பட்டவை சேரா என்றும் எழுதினால் போதும். மற்ற அறக்கட்டளை விருதுகளுக்கு, தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் யார் என்று கேட்டுக் கடிதம் போடுங்கள். உண்மையான தேர்வு நடத்துகிறவர்கள் மகிழ்ச்சியோடு பதில் அனுப்புவார்கள். பதில் வராதவற்றை விட்டுவிடலாம்.

‘கௌரவ டாக்டர்’ பட்டத்தைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின்படி, நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகங்களும், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனங்களும்தான் இந்த நாட்டில் பட்டம் வழங்க முடியும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிட்டு வருகிறது. நண்பரின் பட்டத்தை வழங்கிய அமைப்பின் பெயரை வாங்கி இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அவரே ஏமாற்றப்பட்டவராகவும் இருக்கலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். 2023இல் சென்னையில், அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே மேடை போட்டு, அப்பல்கலைக்கழகத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் அமைப்பு திரைத்துறையினர் உள்ளிட்ட பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கி, பின்னர் அது காவல்துறைப் புகார் வரை போனது நினைவிருக்கும். மேடை, அங்கி, பொன்னாடை எல்லாம் முறையாக இருந்ததைப் பார்த்து நம்பியவர்கள்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே அவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். இதை வாட்ஸ்அப்பில் எழுதாதீர்கள். “ஐயா, விருதுப் பக்கத்துக்குச் செயற்குழு ஒரு வரையறை வைத்திருக்கிறது, அது எல்லோருக்கும் ஒன்றுதான். மலரின் முதற்பக்கங்களில் உங்களுக்கு நன்றி சொல்லும் பக்கம் ஒன்று ஒதுக்கியிருக்கிறோம், அதில் உங்கள் ஆலையைப் பற்றி எழுத விரும்புகிறோம்” என்று சொல்லுங்கள். நன்றிப் பக்கத்தை விருதுப் பக்கத்தோடு கலக்காமல் இருப்பது இதில் முக்கியம். அந்த நன்றிப் பக்கத்தில் உண்மையான செய்திகளை எழுதுங்கள்: கல்லூரியை விட்டு எந்த ஆண்டு வெளியே வந்தார், ஆலையை எப்போது தொடங்கினார், மாம்பழப் பருவத்தில் எத்தனை பேர் அங்கே வேலை செய்கிறார்கள், எத்தனை விவசாயிகளிடம் காய் வாங்குகிறார். கிருஷ்ணகிரித் தோத்தாபுரி விலை சரிந்து தோப்பிலேயே காய் அழுகும் ஆண்டுகளில் ஓர் ஆலை தொடர்ந்து கொள்முதல் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது நம் பகுதி மக்களுக்குத் தெரியும். அவர் ஒப்புக்கொள்ளாமல் போகவும் கூடும். அப்படி நேர்ந்தால் மலரின் பக்கங்களைக் குறைத்து, சங்க உறுப்பினர்களிடம் ஆளுக்கு ஒரு தொகை திரட்டி அச்சிடுங்கள்.

தொகுக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பத்ம விருது பெற்றவர் யாரேனும் பட்டியலில் இருந்தால், அதைப் பெயருக்கு முன்னொட்டாகப் போடாமல் பதிவின் உள்ளே எழுதுங்கள். அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு பட்டங்களை ஒழித்திருப்பதால், பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னோ பின்னோ சேர்த்து எழுதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. நம் ஊர் அழைப்பிதழ்களில் இது அன்றாடம் மீறப்படுகிறது. கல்லூரி மலரிலாவது சரியாக இருக்கட்டும்.

யார் உங்கள் கல்லூரியின் மாணவர் என்பதையும் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். 1954இல் முதன்முதலாகப் பாரத ரத்னா பெற்ற மூவரில் ஒருவர். அவர் நம் மண்ணின் மைந்தர் என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு, ஆனால் அவருடைய பாரத ரத்னாவைத் தன் மாணவர் பட்டியலில் எழுதும் உரிமை அவர் படித்த கல்லூரிகளுக்கே உண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றபோது, அவர் படித்தே இராத ஒரு பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் நடத்தியதாகச் சொல்லிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அதை அவரே வெளிப்படையாக மறுக்க வேண்டியதாயிற்று. அந்த நிலை உங்கள் மலருக்கு நேரக் கூடாது.

இதுவரை எழுதியவற்றைவிட உங்கள் தோழியைப் பற்றிய கேள்விதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அதற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் மலரில் இதே பகுதியை நான் தொகுத்தேன். படிவம் அனுப்பியவர்களின் பெயர்களை மட்டும் சேர்த்து, சரிபார்த்து, நிறைவோடு அச்சுக்குக் கொடுத்தேன். மலர் வெளியாகி இரண்டு வாரம் கழித்துக் காரிமங்கலத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. “மலர் கிடைத்தது. நன்றாக இருக்கிறது. என் மகள் பெயர் இருக்கும் என்று பார்த்தேன்” என்று மூன்று வரி. புகார் என்று அதில் எதுவும் இல்லை. விசாரித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். பெரியவர் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். நிலத்தின் பட்டா, ரேஷன் அட்டை, இவற்றுக்கு நடுவே நான்காக மடிக்காமல் அட்டை வைத்துப் பாதுகாத்த ஒரு சான்றிதழ்: நுண்ணுயிரியல் படித்து அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் பணிபுரியும் அவருடைய மகளுக்கு, கொரோனாக் காலப் பணிக்காகச் சுதந்திர தின விழாவில் மாவட்ட ஆட்சியர் வழங்கிய பாராட்டு. அந்தப் பெண் படிவமே அனுப்பவில்லை. “எல்லோருந்தானே சார் வேலை செய்தோம்” என்றார், உங்கள் தோழி சொன்னதைப் போலவே. பிறகு ஓர் இணைப்புத் தாள் அச்சிட்டு எல்லோருக்கும் அனுப்பினோம். ஆனாலும் மலரைத் திறந்து தேடிய அந்த முதல் நாளை அந்தத் தந்தைக்கு என்னால் திருப்பித் தர முடியவில்லை.

எனவே, தாமாக அனுப்பியவர்களோடு நின்றுவிடாதீர்கள். பழைய பேராசிரியர்களையும் அலுவலகத்தில் நெடுநாள் இருந்த எழுத்தரையும் கேளுங்கள். குடியரசு தினத்தில் நெல் உற்பத்தித் திறன் விருது வாங்கிய விவசாயி, கிராமத்து நூலகர், வனத்துறை ஊழியர் என்று அவர்கள் நினைவில் இருப்பவர்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே இருக்க மாட்டார்கள். தோழியின் பெயரை அவர் சம்மதமில்லாமல் போடக் கூடாது, அதே சமயம் அவருடைய முதல் மறுப்பை முடிவாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரூர் வழியாக ஒரு நாள் பேருந்தேறிப் போய் அவரோடு உட்கார்ந்து, விருதைப் பற்றிக் கேட்காமல் மலையில் அவர் வேலை செய்த ஆண்டுகளைப் பற்றிக் கேளுங்கள். முதன்முதலில் பத்தாம் வகுப்புத் தேறிய பிள்ளை யார், மழைக்காலத்தில் பள்ளி எப்படி நடந்தது என்றெல்லாம் அவர் சொல்வதை எழுதி, பதிவின் வாசகத்தை அவரிடமே படித்துக் காட்டுங்கள். தன்னைப் புகழும் வரிகளை மறுப்பவர்கள்கூடத் தன் பிள்ளைகளைப் பற்றிய வரிகளை மறுப்பது அரிது. அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அந்த உரையாடலுக்கு வேறொரு பயனும் உண்டு. பத்ம விருதுகளுக்கு யார் வேண்டுமானாலும் யாரையும் பரிந்துரைக்கலாம். ஒன்றிய அரசின் ராஷ்டிரிய புரஸ்கார் இணையதளத்தில், 800 சொற்களுக்கு மிகாமல் பணியை விவரித்து அனுப்ப வேண்டும். கடைசி நாள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். பணியில் இருக்கும் அரசு ஊழியர்களுக்கு, மருத்துவர்கள், விஞ்ஞானிகள் நீங்கலாக, இவ்விருது கிடையாது. உங்கள் தோழி ஓய்வுபெற்றவராக இருந்தால் அந்தத் தடை இல்லை. நாளிட்ட நிகழ்வுகள், ஊர்ப் பெயர்கள், படித்து முன்னேறிய பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் அந்த 800 சொற்களுக்குத் தேவைப்படும். அவற்றைத் திரட்ட ஒரு முன்னாள் மாணவர் சங்கத்தைவிடப் பொருத்தமானவர் யார்? கிடைத்த விருதுகளைப் பட்டியலிடுவதோடு, உரியவர்களைப் பரிந்துரைப்பதையும் உங்கள் சங்கம் ஆண்டுதோறும் ஒரு பணியாக ஏற்கலாம் என்பது என் விருப்பம்.

கடைசியாக, உங்களை உறுத்தும் அந்த எண்ணம். அதை ஒளிக்காமல் எழுதினீர்களே, அதற்காக உங்கள்மீது மதிப்பு கூடியது. நல்லாசிரியர் விருது ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாவட்டத்தில் சிலருக்கே கிடைக்கிறது; விண்ணப்பம், பரிந்துரை, ஆய்வு என்று அதற்கென ஒரு பாதை இருக்கிறது, அந்தப் பாதையில் நீங்கள் அடியெடுத்தே வைக்காமல் இருந்திருக்கலாம். முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற ஒருவருக்கு அங்கீகாரம் வேண்டும் என்று தோன்றுவதில் தவறே இல்லை. நான் இதற்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. ஒன்று செய்யுங்கள். விருதுப் பகுதியின் முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே, ‘தொகுத்தவர்’ என்று உங்கள் பெயரையும், நீங்கள் அந்தக் கல்லூரியில் படித்த ஆண்டுகளையும், பணியாற்றிய பள்ளிகளின் பெயர்களையும் ஆண்டு வாரியாக அச்சிடச் சொல்லுங்கள். மெய்ப்புத் திருத்தும்போது அந்த வரிகளை யாராவது இடமில்லை என்று எடுத்துவிடாமல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.