ஒரு டாலருக்கு ஆளைத் தேடித் தரும் தளங்கள்: உண்மையில் எவ்வளவு செலவாகும்?

அமெரிக்காவில் இருக்கும் பழைய நண்பர் ஒருவரின் முகவரி வேண்டும், ஒரு தளம் ஒரு டாலருக்கு முழு விவரமும் தருகிறேன் என்கிறது, கட்டலாமா, பிறகு வேறு செலவு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: கட்ட வேண்டாம். கட்டியே தீர வேண்டும் என்றால் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

நான் அமெரிக்காவில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டை வரி வரியாகப் பார்த்து "இது என்ன செலவு சார்?" என்று கேட்பதுதான் பிழைப்பு. அப்படிக் கேட்கும்போது முதலாளிகள் திருதிருவென விழிக்கும் வரிகளில் இந்த ஆள் தேடும் சந்தாவும் ஒன்று. தளத்தின் பெயர் ஒன்றாக இருக்கும், ஸ்டேட்மென்ட்டில் வருவது வேறொன்றாக இருக்கும். எப்போதோ யாரையோ தேடியிருப்பார். ஒரு டாலர் சோதனைக் காலம் ஐந்தாறு நாளில் முடிந்து, அது மாதம் இருபத்தைந்து, முப்பது டாலராகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

அந்தத் தளம் செய்யும் வேலையைப் பணம் கட்டாமல் ஒருமுறை வேடிக்கை பாருங்கள். பெயரைத் தட்டியதும் ஒரு பட்டை மெல்ல நகரும். நீதிமன்றப் பதிவுகளைத் தேடுகிறோம், உறவினர்களைத் தேடுகிறோம் என்று வரிசையாகச் சொல்லும். நடுவே நிறுத்தி, "அதிர்ச்சியான தகவல் இருக்கலாம், தொடரவா?" என்று கேட்கும். பிறகு உங்கள் மின்னஞ்சலைக் கேட்கும். இத்தனையும் முடிந்த பின்தான் விலை கண்ணில் படும். தரவுத்தளத்திலிருந்து ஒரு பெயரை எடுக்க இவ்வளவு நேரமெல்லாம் ஆகாது. இவ்வளவு நேரம் காத்திருந்தவர் வெறுங்கையோடு போக மனம் வராமல் கார்டை எடுப்பார் என்ற கணக்குதான் அது. நீங்கள் கார்டை எடுக்காமல் வெளியே வந்தாலும் மின்னஞ்சல் முகவரி அவர்களிடம் தங்கிவிடும். உள்ளே போனவர்களுக்கோ, அறிக்கையைப் பிடிஎஃப்பாக இறக்கத் தனிக் காசு, தொலைபேசி எண்ணை வைத்துத் தேடத் தனிச் சந்தா என்று சில தளங்களில் அடுத்தடுத்துக் கிளைகள் வரும்.

பணம் போனால் போகட்டும், கிடைக்கும் தகவலாவது சரியா? எனக்கு அதில்தான் பெரிய குறை. சொத்துப் பதிவு, நீதிமன்றப் பதிவு, விளம்பரத்துக்காக விற்கப்படும் பட்டியல்கள் ஆகியவற்றை ஒன்றாகக் கொட்டிக் கலந்ததுதான் பெரும்பாலும் அந்த அறிக்கை. ஒரே வீட்டில் எப்போதோ இருந்தவர்களை 'உறவினராக இருக்கலாம்' என்று சேர்த்துவிடும். படிக்கும் காலத்தில் வாடகையைப் பகிர்ந்த அறைத்தோழர் அண்ணன் தம்பி ஆகிவிடுவார். அப்பா பெயரைக் கடைசிப் பெயராக வைத்திருக்கும் நம்மவர் குடும்பங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த மென்பொருளுக்கு நம் வீட்டில் ஆளுக்கொரு வம்சம்.

இது என் சொந்த எரிச்சல் மட்டுமில்லை. 2023 செப்டம்பரில் ட்ரூத்ஃபைண்டர், இன்ஸ்டன்ட் செக்மேட் என்ற ஆள் தேடும் நிறுவனங்கள் மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி தொடுத்த வழக்கு 58 லட்சம் டாலர் அபராதத்துக்கான உடன்பாட்டில் முடிந்தது. ஒருவருக்குக் குற்றப் பதிவோ கைதுப் பதிவோ இருப்பதுபோல் ஆசை காட்டிச் சந்தா வாங்க வைத்தார்கள், உள்ளே போய்ப் பார்த்தால் போக்குவரத்து விதிமீறலுக்கான சீட்டு மட்டும் இருந்ததும் உண்டு என்பது குற்றச்சாட்டு. இன்னொன்று அதைவிட மோசம். தகவல் தவறென்றால் நீக்க அறிக்கையில் ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். அதை அழுத்தினால் அழுத்தியவர் பார்க்கும் அறிக்கையில் மட்டும் அந்தத் தகவல் மறையும், மற்றவர்களுக்கு அப்படியே தெரியும் என்றது எஃப்டிசி.

வாடகைக்கு வருபவரையோ வேலைக்கு எடுப்பவரையோ சோதித்துப் பார்க்க இந்தத் தளங்களுக்குக் காசு கட்டும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலைக்கு இந்த அறிக்கை உதவாது. 1970ஆம் ஆண்டின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டப்படி அதற்கென்று கட்டுப்பாடுகள் உண்டு: வேலைக்கு எடுப்பவரிடம் எழுத்துப்பூர்வச் சம்மதம், அறிக்கையைக் காரணமாக வைத்து மறுத்தால் அவருக்குத் தெரிவிப்பது என்று. இத்தளங்கள் பலவும் "நாங்கள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் அல்ல" என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டுத் தப்பிக்கப் பார்க்கும். அப்படிப் போட்டுவைத்த ஸ்போக்கியோ என்ற தளத்தை 2012இல் எஃப்டிசி விடவில்லை. 8 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. ஆனால் அறிக்கையைத் தவறாகப் பயன்படுத்திய முதலாளி மீது வழக்கு வந்தால் வக்கீல் செலவு அவருடையதுதான்.

தேடப்படுகிறவர் கொடுக்கும் விலைக்கு ரசீதே கிடையாது. 1999இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒருவன் இணையத்தில் தகவல் விற்கும் நிறுவனத்துக்கு 109 டாலர் கட்டி ஓர் இளம்பெண் வேலை செய்யும் இடத்தை வாங்கினான். நிறுவனத்துக்காக ஒரு பெண் பொய்க் காரணம் சொல்லித் தொலைபேசியில் பேசி அந்த இடத்தைக் கறந்துகொடுத்தாள். அவன் அங்கேயே போய் அந்த இளம்பெண்ணைச் சுட்டுக் கொன்றான். தகவல் விற்பவருக்கு இதில் கவனமாக நடந்துகொள்ளும் கடமை உண்டு என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2003இல் சொன்னது.

சரி, நம் பெயரை நீக்கச் சொன்னால்? ஒவ்வொரு தளமாகப் போய்க் கேட்க வேண்டும். கேட்பது நாம்தான் என்று காட்ட மின்னஞ்சல் கொடு, தொலைபேசி எண் கொடு என்பார்கள். எந்த எண்ணை மறைக்கப் போனோமோ அதையே உறுதிசெய்து கொடுத்துவிட்டு வருவோம். சில மாதங்களில் வேறொரு பட்டியல் வழியாகப் பெயர் மறுபடி முளைக்கும். இதை நமக்காகச் செய்து தரவும் மாதச் சந்தா நிறுவனங்கள் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா கூட்டு வைத்திருந்த அப்படி ஒரு நிறுவனத்தின் நிறுவனரே டஜன் கணக்கில் ஆள் தேடும் தளங்களைத் தொடங்கியவர் என்று 2024 மார்ச்சில் பிரையன் க்ரெப்ஸ் என்ற செய்தியாளர் எழுதினார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதேதான். கலிஃபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் ஆறுதல்: 2023இல் வந்த சட்டத்தின்படி, பதிவு பெற்ற எல்லாத் தகவல் தரகர்களுக்கும் (ஆட்களின் விவரங்களைச் சேர்த்து விற்பவர்கள்) சேர்த்து ஒரே விண்ணப்பம் போடும் வசதியை மாநிலமே இலவசமாகத் தருகிறது. 2026 ஜனவரியில் திறந்தார்கள். தரகர்கள் ஆகஸ்டிலிருந்து அதை நிறைவேற்றியாக வேண்டும்.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் வீடு வாங்கியவர் என்றால், எந்தக் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று தெரிந்தால் போதும், சொத்துவரி அலுவலகத் தளத்தில் பல இடங்களில் இலவசமாகவே பார்க்கலாம். கூடப் படித்த ஒருவர் மூலம் "அவரிடம் என் எண்ணைக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்புவது இன்னும் நல்லது; பேசுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்துகொள்வார்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? அறிக்கையைப் பார்த்த அன்றே சந்தாவை ரத்து செய்துவிடுங்கள், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலை எடுத்து வையுங்கள். செயலியை அழிப்பது ரத்து ஆகாது. புது கார்டு வாங்கினால் தானாக நின்றுவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். கார்டு நிறுவனங்கள் புது எண்ணைச் சந்தா வசூலிக்கும் நிறுவனத்துக்குத் தானாகவே தெரிவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தால், அந்த வரி முதலில் வந்த ஸ்டேட்மென்ட்டை அனுப்பியதிலிருந்து 60 நாளுக்குள் வங்கியிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிடுங்கள். இது அமெரிக்கக் கிரெடிட் கார்டுக்கான கெடு. டெபிட் கார்டுக்கு விதிகள் வேறு, அதனால் இந்த மாதிரித் தளங்களில் டெபிட் கார்டை நீட்டவே வேண்டாம்.