வெலிங்டன் பொத்தானுக்கு 25,000 ரூபாயா?

கேள்வி: என் கணவர் ரிட்டயர் ஆனதிலிருந்து பழைய ராணுவ உடைகளின் பொத்தான்களைச் சேர்க்கிறார். ஏற்காட்டில் பழைய பொருள் விற்கும் ஒருவர், நடுவில் அம்பாரி யானையும் சுற்றிலும் ஆங்கிலத்தில் 'டியூக் ஆஃப் வெலிங்டன்ஸ்' என்றும் பொறித்த பித்தளைப் பொத்தானைக் காட்டி, "திப்புவோடு சண்டைக்குப் போகும்போது வெலிங்டன் கோட்டிலிருந்து விழுந்தது" என்று 25,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா? புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: பணத்தை பேங்கிலேயே விட்டுவையுங்கள், அம்மா. பொத்தானில் இருக்கும் எழுத்தே அவர் சொல்லும் கதையைக் காட்டிக்கொடுக்கிறது.

1799இல் திப்புவை எதிர்த்து பிரிட்டிஷ் ஜெனரல் ஹாரிஸின் படை வேலூரிலிருந்து கிளம்பி, ஆம்பூர், ராயக்கோட்டை வழியாக ஸ்ரீரங்கப்பட்டணம் போனது. 33ஆவது ரெஜிமெண்டின் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லியும் கூடப் போனார்; பிற்பாடு வெலிங்டன் என்று பட்டம் பெற்றவர் இவர்தான். ராயக்கோட்டை வெகுகாலம் நம் சேலம் ஜில்லாவில் இருந்த ஊர்தான், அதனால் அவர் நம் பக்கம் வந்தது நிஜம். ஏற்காட்டுக்கும் அந்தப் பாதைக்கும்தான் சம்பந்தமே இல்லை. அதைவிட, அப்போது அவர் வெலிங்டனே ஆகவில்லை! அந்தப் பட்டம் கிடைத்தது 1809இல், டியூக் என்ற உயர்ந்த பிரபுப் பட்டம் வந்தது 1814இல். 1852இல் இறந்தார். 33ஆவது ரெஜிமெண்டுக்கு அவர் பெயரை வைத்ததே அடுத்த வருடம்தான். யானை இன்னும் பிந்தி வந்தது. அது 76ஆவது ரெஜிமெண்டின் சின்னம்; 1881இல் இரண்டு ரெஜிமெண்டுகளையும் இணைத்தபோதுதான் வெலிங்டன் பெயரோடு சேர்ந்தது. இந்தப் பொத்தான் வைத்த கோட்டை அவர் மாட்டியிருக்க வேண்டுமானால், கல்லறையிலிருந்துதான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

1799இல் அந்த ரெஜிமெண்டின் பொத்தானில் 33 என்ற எண் இருந்திருக்கும். சிப்பாய்க்கு வெள்ளீயக் கலவை, அதிகாரிக்கு வெள்ளி நிறம். சிப்பாய்களுக்குப் பித்தளை வந்தது 1855இல். நாளைக்கே அதே ஆள் '33' போட்ட ஒன்றைக் கொண்டுவந்தாலும் மயங்க வேண்டாம், அந்த எண்ணை நூற்றுக்கணக்கானவர்கள் அணிந்தார்கள். இன்னாருடையது என்று சொல்ல ஒரு கடிதமோ ஏல ரசீதோ கூடவே வர வேண்டும்.

பொத்தான் போலி என்று நான் சொல்லவில்லை. அந்த ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் முதல் உலகப்போர் முழுக்க இந்தியாவில்தான் இருந்தது. யாரோ ஒரு சிப்பாயின் கோட்டிலிருந்து வந்திருக்கலாம். பின்பக்கத்தில் தயாரித்த கம்பெனியின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனிகள் இடம் மாறியதை வைத்து வருடத்தை நெருங்கிவிடலாம். சில நூறு ரூபாய்க்குக் கொடுத்தால் தாராளமாக வாங்கட்டும், ரிட்டயர் ஆனவருக்கு இதைவிட மோசமான பொழுதுபோக்கெல்லாம் இருக்கிறது.

புளி மட்டும் வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, இதில் முலாம் இருந்தால் போய்விடும், சேகரிப்பவர்கள் விரும்பும் பழைய நிறமும் போய்விடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

அப்புறம், இவர் ஆர்வத்தில் மெட்டல் டிடெக்டரோடு ராயக்கோட்டைப் பக்கம் கிளம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம்.