வேலைக்குப் போனதும் கிளி இறகைப் பிடுங்குகிறது: பதில்

வணக்கம் சகோதரி. கோலாலம்பூர் செந்தூல் பிளாட்டில் பகலெல்லாம் தனியாக இருக்கும் உங்கள் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நெஞ்சு இறகைப் பிடுங்குகிறது, மணியும் கண்ணாடியும் வாங்கிப் போட்டும் திரும்பிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் பறவைகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தோல் நோய், கல்லீரல் கோளாறு இருந்தாலும் பிடுங்கும்.

உடம்பில் ஒன்றுமில்லை என்றால் நான் கை வைப்பது சாப்பாட்டுக் கிண்ணத்தில்தான். காட்டில் இந்தக் கிளி பல மணி நேரம் இரை தேடும். கிண்ணத்தில் கொட்டினால் கொஞ்ச நேரத்தில் தின்றுவிட்டு அலகுக்கு வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். மணியை ஆட்டினால் சத்தம்தான் வரும், தீனி வராதே!

அச்சடிக்காத வெள்ளைத் தாளில் உப்பில்லாத பாதாம் துண்டு ஒன்றை வைத்து, கிளியின் கண்ணெதிரே மடியுங்கள். ஆரம்பத்தில் தீனி பாதி வெளியே தெரியட்டும். கிழிக்கப் பழகியபின் தாளை இறுக்கமாக முறுக்குங்கள். அப்புறம் சிரட்டை. பசாரில் தேங்காய் துருவும் கடையில் கேட்டால் கிடைக்கும். கழுவிக் காயவைத்து, துளை போட்டு, தாள் உருண்டைகளுக்கு நடுவே விதையை ஒளித்துத் தொங்கவிடுங்கள். ஸ்டேப்ளர் ஊசி, துத்தநாகம் பூசிய கம்பி, பிரியும் நூல் கூடவே கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பழத்துண்டு சீக்கிரம் கெட்டுவிடும். வேலைக்குப் போகும் நாளில் உலர்ந்த தீனி மட்டும் ஒளியுங்கள்.

கிண்ணத்தை ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள். பழகும்வரை தினமும் காலையில் எடை பாருங்கள். குறைந்தால் கிண்ணத்தில் கூடுதலாகப் போடுங்கள்.