இரவில் குறையும் தண்ணீர்

அன்புள்ள ஐயா,

இரண்டடி நீளம், ஓரடி அகலமுள்ள மூடியில்லாத மீன்தொட்டி வைத்திருக்கிறேன். ஹீட்டரை 26 டிகிரியில் வைத்திருக்கிறேன். இரண்டு வாரமாகக் கண்ணாடியில் டேப் ஒட்டி, காலையும் மாலையும் நீர்மட்டத்தைக் குறித்து வருகிறேன். பகலில் 2 மில்லிமீட்டர் குறைந்தால் இரவில் 3 குறைகிறது. பகலில் அறை 29 டிகிரி, தொட்டி விளக்கும் எரிகிறது. இரவில் 21 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது, ஈரப்பதமானியும் 50 சதவீதத்திலிருந்து 65க்கு ஏறுகிறது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஆவியாதல் குறையத்தானே வேண்டும்? தொட்டி கசிகிறதோ என்று பயமாக இருக்கிறது.

ம.

அன்புள்ள ம.,

கசிவுக்குப் பகல், இரவு தெரியாது. ஓட்டை இருந்தால் இரண்டு வேளையும் ஒரே அளவுதான் ஒழுகும், இரவில் மட்டும் கூடாது. இருந்தாலும் மனசு கேட்காது. ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டித் தண்ணீரையே விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றி, அதைத் தொட்டிக்குள்ளேயே அசையாமல் நிறுத்தி வையுங்கள். ஒரு நாள் கழித்து டப்பாவிலும் தொட்டியிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருந்தால் எல்லாம் ஆவியாகத்தான் போயிருக்கிறது. ஏர் பம்ப் குமிழி விட்டால் தொட்டியில் சற்று அதிகம் குறையும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வி. துணி காய்வதையும் குளம் வற்றுவதையும் பார்த்துப் பார்த்து, ஆவியாதல் என்றாலே வெயில் என்று நமக்குப் பதிந்துவிட்டது. ஆனால் தண்ணீர் வெயிலைப் பார்த்து ஆவியாவதில்லை. தண்ணீர்ப் பரப்பை ஒட்டியிருக்கும் ஆவிக்கும், அறைக்காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஆவிக்கும் எவ்வளவு வித்தியாசமோ அதைப் பொறுத்தே ஆவியாதலின் வேகம். ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் டால்டன் 1802இலேயே இதைச் சொல்லிவிட்டார்.

உங்களைக் குழப்பியது ஈரப்பதமானியின் சதவீதம்தான். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஆவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. 29 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 29 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 50 சதவீதம் என்றால் பதினாலரை கிராம். 21 டிகிரியில் தாங்குவதே 18 கிராம்தான். அதில் 65 சதவீதம் என்றால் சுமார் 12. அதாவது மானி ஏறியிருக்கிறது, காற்றில் உள்ள தண்ணீரோ குறைந்திருக்கிறது! ஹீட்டர் இருப்பதால் உங்கள் தண்ணீர் இரவிலும் 26 டிகிரியிலேயே நிற்கிறது. அதன் பரப்பை ஒட்டிய காற்றில் 24 கிராமுக்குச் சற்று மேல் ஆவி இருக்கும். வித்தியாசம் பகலில் 10 கிராம், இரவில் பன்னிரண்டரை. உங்கள் டேப் பொய் சொல்லவில்லை.

இன்னொன்றும் நடக்கிறது, எனக்கு இதுதான் அழகாகத் தெரிகிறது. பகலில் அறை தண்ணீரைவிடச் சூடாக இருப்பதால், பரப்பின் மேல் உள்ள குளிர்ந்த காற்று அங்கேயே படிந்து கிடக்கும். இரவில் நிலைமை தலைகீழ். தண்ணீரைத் தொட்ட காற்று சூடாகிறது, ஆவியும் ஏறுகிறது. நீராவி காற்றைவிட லேசானது. இரண்டும் சேர்ந்து அதை மேலே தூக்க, அறையின் குளிர்ந்த காற்று அந்த இடத்தில் இறங்குகிறது. மின்விசிறி இல்லாமலேயே தொட்டிக்கு மேல் ஒரு காற்றோட்டம். நள்ளிரவில் தொட்டியின் மேலாகக் கன்னத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள், மெல்லிய வெதுவெதுப்பும் ஈரமும் படும்.

இதற்கான செலவு ஹீட்டருக்கு. உங்கள் தொட்டியில் 3 மில்லிமீட்டர் என்பது அரை லிட்டருக்குச் சற்று மேல். அவ்வளவு தண்ணீர் 12 மணி நேரத்தில் ஆவியாக ஏறக்குறைய 30 வாட் வெப்பம் விடாமல் தேவை. இரவில் ஹீட்டரின் சிவப்பு விளக்கு அடிக்கடி எரிவது ஏன் என்று இப்போது புரியும்.

ஹீட்டர் இல்லாத தொட்டி என்றால் பெரும்பாலும் பகல்தான் ஜெயிக்கும். விளக்குச் சூடு, மின்விசிறி, திறந்த ஜன்னல் எல்லாம் அப்போதுதான். இரவு முழுக்க ஏசி ஓடும் அறை மட்டும் விதிவிலக்கு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துவிடும்.

சரி, என்ன செய்யலாம்? கண்ணாடி மூடி போடுங்கள், ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி விட்டு. இரவில் மூடி குளிர்வதால் ஆவி அதன் அடியில் முத்து முத்தாகக் கோத்துத் திரும்பத் தொட்டியிலேயே சொட்டும். அப்புறம் ஒன்று. நீர்மட்டத்துக்குச் சற்று மேல் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்குமே, அது தண்ணீர் விட்டுப்போன உப்பு. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததைக் கடினத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் மாதா மாதம் கடினத்தன்மை ஏறும். ஆகவே குறைந்த அளவுக்கு, உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். வாரா வாரம் கொஞ்சம் பழைய தண்ணீரை வெளியே எடுப்பதையும் விடாதீர்கள், உப்பு வெளியேற அது ஒன்றுதான் வழி.

டேப்பைக் கழற்ற வேண்டாம். மூடி போட்ட பிறகும் ஒரு வாரம் குறித்துவிட்டு, இரவில் எவ்வளவு குறைகிறது என்று எழுதுங்கள்.