துணிக்கும் பேனாவுக்கும் கூடுதல் விலை தரலாமா?

கேள்வி: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் சர்ஃபேஸ் புரோ 9 டேப்லெட் வாங்கி வந்தான். அதோடு கீபோர்டு வரவில்லை. கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று சாதாரணம். இன்னொன்று ‘சிக்னேச்சர்’. அதில் வெல்வெட் மாதிரி ஒரு துணி, பேனா செருக இடம், விலையும் கூடுதல். கடைப் பையன் மூன்றாவதாக ‘ஃப்ளெக்ஸ்’ என்று ஒன்றைச் சொல்லி, “எழுத்து வேலைன்னா அதுதாம்மா பெஸ்ட்” என்கிறார். தினமும் ஆறேழு மணி நேரம் டைப் செய்கிறேன். வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் தஞ்சாவூர் போய் வருவேன். விலை கூடினால் டைப் செய்வதும் சுகமாக இருக்குமா? எதை வாங்கட்டும்?
(வாசகி, திருச்சி)

பதில்: சாதாரணத்தையே வாங்குங்கள் அம்மா. மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, வீட்டு மேஜைக்குத் தனியாக ஒரு புளூடூத் கீபோர்டும் வாங்கிவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் கேட்டதில் முக்கியமானது கடைசிக் கேள்வி: விலை கூடினால் டைப் செய்வது சுகமாகுமா? இந்த இரண்டு கீபோர்டுகளைப் பொறுத்தவரை ஆகாது. இரண்டிலும் அழுத்தினால் இறங்கி எழும் உண்மையான விசைகள்தான். இரண்டிலும் எழுத்துக்குக் கீழே வெளிச்சம் உண்டு, கண்ணாடி டச்பேட் உண்டு. இரண்டும் டேப்லெட்டின் அடி விளிம்பில் காந்தத்தால் ஒட்டி, அங்குள்ள உலோகப் புள்ளிகள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். சார்ஜ் போட வேண்டியதில்லை, புளூடூத் இணைப்பும் தேவையில்லை. அமெரிக்காவில் வெளியான பட்டியல் விலை 139.99 டாலரும் 179.99 டாலரும். அந்த 40 டாலர் விசைகளுக்காக அல்ல, துணிக்கும் பேனா வைக்கும் பள்ளத்துக்கும்தான்.

முதலில் துணியைப் பார்ப்போம். அதன் பெயர் அல்கன்டாரா. இத்தாலியில் தயாராகும் செயற்கைத் துணி. பாலியெஸ்டரும் பாலியூரித்தேனும் கலந்தது, தோல் கிடையாது. கடையில் ஏ.சி.யில் நின்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் மனசு அதன் பக்கம் சாய்வது இயல்பு. நிஜமாகவே மென்மையாக இருக்கும். ஆனால் உங்கள் மணிக்கட்டு அதன்மேல் தினமும் ஆறேழு மணி நேரம் இருக்கப் போகிறது, அதுவும் திருச்சி வெயிலில். வியர்வையும் கையில் ஒட்டியிருக்கும் தேங்காய் எண்ணெயும் டச்பேடுக்கு இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல இறங்கும். முதலில் கறுப்பது மணிக்கட்டு படும் அந்த இரண்டு இடங்கள்தான். வெளிர் நிறத்தில் இது பளிச்சென்று தெரியும். ஏதாவது கொட்டினால் அரை மணி நேரத்துக்குள் துடைத்துவிடுங்கள் என்று பராமரிப்புக் குறிப்பிலேயே சொல்கிறார்கள். மிதமான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த, பஞ்சு உதிராத வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். வாரம் ஒரு முறை அப்படித் துடைக்கிற பொறுமை இருந்தால் சரி. சாதாரண கீபோர்டின் மேற்பரப்புக்கு ஈரத்துணியால் ஒரு இழுப்பு போதும்.

நிறத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். கறுப்பு என்றால் சாதாரணம் என்று பலர் நினைக்கிறார்கள். சிக்னேச்சரிலும் கறுப்பு உண்டு. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்து பேனா. சிக்னேச்சரில் டேப்லெட்டோடு ஒட்டும் மேல் பட்டையில் ஒரு பள்ளம் இருக்கும். ஸ்லிம் பேனாவை அங்கே வைத்தால் அங்கேயே சார்ஜ் ஆகும், தொலையவும் செய்யாது. அருமையான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் பேனா தனி விலை. அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைத் திரையிலேயே கையால் திருத்தித் தரும் வேலை உங்களுக்கு உண்டா? பதிப்பகத்தார் பி.டி.எஃப். அனுப்பி, “இதிலேயே குறித்துக் கொடுங்கள்” என்பார்களா? அப்படியென்றால் என் பதிலை மாற்றிக்கொண்டு சிக்னேச்சரை வாங்குங்கள், பேனாவும் சேர்ந்த பெட்டியாகவே வாங்குங்கள். தனித்தனியாக வாங்குவதைவிட அது மலிவு. மற்றபடி, என்றைக்காவது தேவைப்படும் என்று ஒரு பள்ளத்துக்கு இன்றைக்கே பணம் தர வேண்டாம்.

இப்போது ஃப்ளெக்ஸ். 2024-இல் வந்தது. வந்தபோது விலை 349.99 டாலர், பேனா சேர்க்காமலே. அதன் சிறப்பு, டேப்லெட்டிலிருந்து பிரித்து எடுத்த பிறகும் புளூடூத்தில் வேலை செய்வது. உள்ளே பேட்டரி இருக்கிறது, கார்பன் ஃபைபர் சேர்த்துக் கொஞ்சம் விறைப்பாகவும் செய்திருக்கிறார்கள். கடைப் பையன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒட்டி வைக்கிற எந்த கீபோர்டிலும் திரை தாழ்வாகவே இருக்கும். நாள் முழுக்க மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் மாறி மாறிக் குனிந்து பார்த்தால் கழுத்துதான் முதலில் வலிக்கும். கீபோர்டைப் பிரித்துவிட்டால் டேப்லெட்டைக் கண் மட்டத்துக்கு உயர்த்திக்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளருக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் அதற்கு ஃப்ளெக்ஸ்தான் வேண்டும் என்பதில்லை. வீட்டு மேஜையில் நாலைந்து கனமான அகராதிகளை அடுக்கி, டேப்லெட்டை அதன்மேல் நிறுத்தி, சாதாரண புளூடூத் கீபோர்டு ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டால் அதே பலன் கிடைக்கும். லாஜிடெக் கே380 போன்றவை சின்ன பேட்டரிகளில் ஓடுபவை. மூன்று கருவிகளோடு இணைத்து வைத்து, ஒரு விசையில் மாற்றிக்கொள்ளலாம். சாதாரண கீபோர்டு, இது, இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் ஃப்ளெக்ஸ் விலையைத் தொடாது. தினசரி அடி முழுவதும் மலிவான கீபோர்டு வாங்கிக்கொள்ளும். டேப்லெட்டோடு ஒட்டுவது பல வருடம் புதிதாக இருக்கும்.

பஸ் விஷயத்தில் உங்களை ஏமாற்ற மனசில்லை. சர்ஃபேஸ் நிற்பது பின்னால் விரியும் ஸ்டாண்டின் தயவில். மடியில் வைத்தால் அந்த மெல்லிய விளிம்பு முழங்கால் பக்கம் தொடையில் அழுந்தும். முன்னிருக்கை நெருக்கமாக இருந்தால் அதை விரிக்கவே இடம் இருக்காது. பிரேக் போட்டால் டேப்லெட் பின்பக்கம் சாயும். மூன்று கீபோர்டில் எதை வாங்கினாலும் இதே கதைதான். பஸ்ஸில் கீபோர்டைப் பின்னால் மடித்துவிட்டு (மடித்தால் விசைகள் தானாகவே வேலை செய்யாது) முந்தின நாள் எழுதியதைப் படித்துப் பாருங்கள்.

கடையில் கீபோர்டை ஒட்டிப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். மேல் பட்டையைத் திரையின் கீழ் ஓரத்தோடு அழுத்தினால் காந்தத்தில் டக்கென்று ஒட்டி, கீபோர்டு சற்றுச் சாய்வாக நிற்கும். அடியில் வெற்றிடம் இருப்பதால் வேகமாக அடிக்கும்போது நடுப்பகுதி லேசாக அதிரும், சத்தமும் வரும். பட்டையை விடுவித்து மேஜையில் தட்டையாகப் படுக்க வைத்தால் அதிர்வும் சத்தமும் அடங்கும். இரண்டு நிலையிலும் உங்கள் மொழிபெயர்ப்பில் ஒரு பத்தியை அடித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் அல்ல, தமிழில். தமிழ்99 என்ற தமிழ் விசை அமைப்பு உங்களுக்குப் பழக்கம் என்றால் விண்டோஸ் அமைப்பில் அதைச் சேர்த்துவிட்டு, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரைத் தட்டி மொழி மாற்றிக்கொள்ளலாம். விசைகளின் மேல் தமிழ் எழுத்து இருக்காது. பார்க்காமல் அடிப்பவருக்கு அது குறை இல்லை. பார்த்து அடிப்பவரானால் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள், வெளிச்சம் கொஞ்சம் மறையும்.

இன்னொன்று. பழைய கீபோர்டு பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். புரோ 3 முதல் 7+ வரைக்குமான ‘டைப் கவர்’ என்ற பழைய கீபோர்டு உங்கள் புரோ 9-இல் வேலை செய்யாது. 2021-இல் வந்த புரோ 8-லிருந்து இணைப்பு மாறிவிட்டது. புரோ 8, 9, எக்ஸ் என்று பெட்டியில் போட்டிருந்தால் தாராளமாக வாங்கலாம். சர்ஃபேஸ் கோ கீபோர்டு அளவிலேயே சின்னது, அதுவும் வேண்டாம்.