கவுன்சலிங் போனால் மறந்துவிடுமா?

கேள்வி: 2004 சுனாமியின்போது எனக்குப் பத்து வயது. நாகை மாவட்டத்தில் கடலோரக் கிராமம். கூடவே ஓடிவந்த தம்பியின் கையை விட்டுவிட்டேன். அவன் அலையோடு போய்விட்டான். டிசம்பர் பிறந்தாலே தூக்கம் கெடுகிறது. மிக்ஸி இரைச்சலுக்குக்கூட நெஞ்சு படபடக்கிறது. கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தபின் அம்மா வீட்டுக்கே போவதில்லை. கடையில் தூக்க மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன். “பழசைக் கிளறாதே” என்கிறார் மாமியார். கவுன்சலிங் போனால் எல்லாம் மறந்துவிடுமா?

பதில்: மறக்காது. தம்பியை மறக்க நீங்களும் விரும்பமாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் சொல்பவை பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலப் பாதிப்பின் அறிகுறிகள்போல் தெரிகின்றன; நேரில் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். மற்ற நினைவுகள் ‘அன்று நடந்தது’ என்று தேதியோடு மனதில் கிடக்கும். உயிர்பயத்தில் பதிந்த நினைவில் அந்த முத்திரை சரியாக விழுவதில்லை. அதனால் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி, மிக்ஸி இரைச்சலையும் அலையாக எடுத்துக்கொள்கிறது.

மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் ஒதுங்க ஒதுங்கப் பயம் கொழுக்கிறது. ‘போகாததால் தப்பித்தோம்’ என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது.

சிகிச்சையில் முதல் நாளே கதையைக் கேட்டு அழவைக்கமாட்டார்கள். படபடப்பைச் சமாளிக்கப் பழக்கிவிட்டு, சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவைப்பார்கள். உங்கள் கடிதத்தில் ‘கை நழுவியது’ என்று இல்லை, ‘கையை விட்டுவிட்டேன்’ என்று இருக்கிறது. அந்தத் தண்ணீர் படகுகளையே ஊருக்குள் தூக்கி வீசியது. பத்து வயதுப் பிடி எம்மாத்திரம்? சிகிச்சையில் அதிக நேரம் பிடிக்கப்போவது இந்த ஒரு சொல்தான். கடற்கரைக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகு, நீங்கள் சம்மதிக்கும்போது.

பெரும்பாலும் வாரம் ஒன்றாக 8 முதல் 12 அமர்வுகள், சிலருக்குக் கூடுதலாகும். நடுவில் சில நாள் தூக்கம் இன்னும் கெடலாம். பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், பாதியில் விட்டுவிடாதீர்கள்.

அந்த மாத்திரை விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. அல்பிரசோலம் போன்றவை பழக்கமாகிவிடும், இந்தப் பாதிப்பையும் தீர்க்காது. அதற்காக இன்றே நிறுத்திவிடவும் கூடாது. மாத்திரை அட்டையை மனநல மருத்துவரிடம் காட்டினால் படிப்படியாகக் குறைப்பார். தேவைப்பட்டால் இந்தப் பாதிப்புக்கான செர்ட்ராலின் போன்ற மருந்து தருவார்.

திருச்சி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால் அந்த நிமிடமே அழையுங்கள். டிசம்பர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முடிந்தால் ஒரு நாள் மாமியாரையும் உடன் அழைத்துப் போங்கள்.